கம்பளத்தில் ஐந்து கால் ஆடு

பந்தல்குடி,
வைகாசி பத்தாம் நாள்.

மஸ்கட்டில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் ஆனந்தகுமார் அவர்களுக்கு, உங்கள் தங்கை சரஸ்வதியின் புருஷன் தனுஷ்கோடி கையைக் கட்டிக்கொண்டு நின்று எழுதுவது. கையைக் கட்டிக்கொண்டு எப்படி எழுதுவாய் என்று கேட்காதீர்கள். மனசால் கட்டியிருக்கிறேன்.

முறைப்படி முதலில் நலம் விசாரிக்க வேண்டும். ஆனால் விசாரித்துவிட்டால் அதற்குப் பிறகு இந்த விஷயத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது. அதனால் முதலில் குற்றம், பிறகு குசலம். மச்சான், ஆவணியில் உங்கள் மகள் சுகப்பிரியா கல்யாணத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் உட்காருவதற்காக நீங்கள் தை மாதம் கொடுத்துவிட்டுப் போன கம்பளத்தின் மேல், நான் ஒன்பது நாள் மிளகாய் வத்தல் காயப்போட்டேன்.

சொல்லிவிட்டேன். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நான், சரஸ்வதி, மளிகைக் கடை, கடையில் என்னை விட அதிக நேரம் இருக்கும் எலிகள் எல்லோரும் சுகம். கொடைக்கானலில் நீங்கள் வாங்கிக் கொடுத்த என் குரங்குக் குல்லாவை மட்டும் மாசியிலிருந்து காணவில்லை. பந்தல்குடி வெயிலில் குரங்குக் குல்லாவைத் திருடுகிறவனுக்கு என்ன கஷ்டமோ, போகட்டும். அங்கே நீங்கள், உங்கள் அறைக்கூட்டாளி முராத், பலூச்சிஸ்தானத்தில் இருக்கும் முராத்தின் அம்மா எல்லோரும் சுகம்தானே? இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பீர்கள். போனை எடுத்தால் நாலாவது வார்த்தையில் உங்கள் தங்கை பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்பும் முத்துராஜிடம், ஒரு கிலோ காராச்சேவுக்கு அடியில் வைத்து இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். சேவைத் தின்றுகொண்டே படியுங்கள். வாய் நிறைய இருக்கும்போது எந்த மனுஷனாலும் திட்ட முடியாது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் புறப்படும் அன்றைக்கு அந்தக் கம்பளச் சுருட்டை என் தோளில் வைத்து என்ன சொன்னீர்கள்? "பத்தொம்பது வருசம் ஒண்ணா வேல பாத்த மனுசன் முராத்து, மாப்ள. எம் பொண்ணு கல்யாணத்துக்குன்னு அவுக அம்மா கையால தறியில நெஞ்சதக் கொடுத்திருக்காரு. ஆடு மேய்க்கிற சனம், இருக்குற எடத்துலயே தறி போட்டு நெய்வாக. கடையில கெடைக்காது. மாசத்துக்கு ஒருக்க வெயில் காட்டுங்க." சொன்னீர்களா இல்லையா? வெயில் காட்டச் சொன்னது நீங்கள். பங்குனியில் சரஸ்வதி அவள் சித்தி மகள் பிரசவத்துக்காகக் காரியாபட்டிக்குப் போனாள். பத்து நாள் வீட்டில் நான் ராஜா. பரணிலிருந்து கம்பளத்தை இறக்கி மொட்டை மாடியில் விரித்தேன். பங்குனி வெயில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அத்தனை வெயிலையும் கம்பளம் ஒன்றே வாங்கிக்கொண்டு சும்மா கிடந்தது. ஒத்தை ஆளை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் பஸ்ஸு விட்ட மாதிரி இருந்தது எனக்கு. கீழே கடையில் இரண்டு மூட்டை வத்தல் ஈரம் பிடித்துக் கிடந்தது. வத்தல் காயப்போடும் படுதாவை மல்லாங்கிணறுக்காரர் ஒருவர் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. வியாபாரி வீட்டில் பிறந்தவன் வெயிலை வீணாக்கினால் நரகத்தில் அவனுக்குத் தனி இடமாம், எங்கள் அப்பா சொல்வார். கம்பளத்தின் மேல்பாதியில் வத்தலைப் பரப்பினேன். கீழ்ப்பாதியை நான் உட்கார்ந்து வத்தலைக் கிளறிவிட வைத்துக்கொண்டேன். ஒன்பது நாள்.

பத்தாம் நாள் காலையில் சரஸ்வதி வருகிறாள் என்று, ஒன்பதாம் நாள் சாயங்காலம் வத்தலை அள்ளி மூட்டை கட்டி, கம்பளத்தைப் பெருக்கித் தள்ளினேன். அப்போதுதான், மச்சான், வாழ்க்கையில் முதல் முறையாக அதைப் பார்த்தேன். ஒன்பது நாளும் நான் வத்தலைத்தான் பார்த்திருக்கிறேன். சாயங்கால வெயில் சாய்வாக விழுந்திருந்தது. அந்தச் சிவப்பு கடைத்துணிச் சிவப்பு இல்லை, மழை ஓய்ந்த மறுநாள் திருச்சுழிப் பக்கம் செவக்காடு இருக்குமே, அந்தச் சிவப்பு. நடுவில் வெல்லப்பாகு நிறத்தில் ஒரு மரம். மரத்தைச் சுற்றி ஆடுகள், வரிசை வரிசையாக, சுண்டுவிரல் நீளம்தான் ஒவ்வொன்றும், ஆனால் ஒன்று குனிந்து மேய்கிறது, ஒன்று திரும்பிப் பார்க்கிறது, ஒன்று ரொம்ப யோசனையாக நிற்கிறது. ஆட்டுக்கு நடுவே ஒரு சேவல், ஒரு சீப்பு, ஒரு ஒட்டகம். ஓரம் பூராவும் கறுப்பு வெள்ளாட்டு முடியால் கயிறு மாதிரி முறுக்கித் தைத்திருந்தது. நான் செருப்பைக் கழற்றினேன். ஒன்பது நாள் அதே செருப்போடுதான் அதன் மேல் நடந்திருந்தேன் என்பதையும் இந்தக் கடிதத்திலேயே சேர்த்து ஒப்புக்கொள்கிறேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான் முழுசாகப் பார்த்தேன். மேல்பாதிச் சிவப்பு வேறு, கீழ்ப்பாதிச் சிவப்பு வேறு. கீழே செவக்காடு, மேலே வெளுத்த செங்கல். நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. என் வத்தலின் காரம் தின்ற இடம் எதுவரைக்கும் என்று அந்தக் கோடு ஊருக்கே காட்டிக்கொடுத்தது. முராத்தின் அம்மா உங்கள் மகளுக்கு என்று முடிச்சுப் போட்டு நெய்ததை, பத்தொன்பது வருஷச் சிநேகிதத்தை, இரண்டு மூட்டை வத்தலுக்காகப் பாதி வெளுக்க வைத்துவிட்டேன். கல்யாணப் போட்டோ முராத்துக்குப் போகும், அவர் அதை அம்மாவுக்குக் காட்டுவார், அந்த அம்மா பார்த்துவிட்டு அப்படியே போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். உங்கள் முகத்தை விட அந்த முகம்தான் என் கண்ணுக்குள் வந்தது, நான் பார்த்தே இராத முகம். ராத்திரி சோறு இறங்கவில்லை. தும்மல் வேறு, வத்தல் விதை முடிச்சுக்குள் எல்லாம் இறங்கியிருந்தது.

விடிந்ததும் ஒரு யோசனை வந்தது. அருப்புக்கோட்டையில் சாயப்பட்டறை வைத்திருக்கும் தங்கலட்சுமி என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நூலுக்குச் சாயம் போடுகிறவள் கம்பளத்துக்குப் போட மாட்டாளா? வெளுத்த பாதியை மட்டும் முக்கி எடுத்தால் ஆச்சு. சரஸ்வதி பஸ்ஸு பிடிப்பதற்குள் போய் வந்துவிடலாம் என்று கம்பளத்தைச் சுருட்டி வண்டியின் முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஊர் தாண்டி நாலு கிலோமீட்டரில் ஒரு செம்மறிக் கூட்டம் ரோட்டைக் கடந்தது. நிறுத்தினேன். ஆடுகளும் நின்றன. முதலில் ஒரு கிடா வந்து கம்பளத்தை மோந்தது. பிறகு நாலு. பிறகு நாற்பது. வண்டியைச் சுற்றி வட்டம் கட்டிவிட்டன. பின்னால் தூத்துக்குடி லாரி ஹாரன் அடிக்கிறது, ஒரு ஆடு அசையவில்லை. மேய்க்கிறவர் மொக்கையன், திருச்சுழிப் பக்கம் கிடை போடுகிறவர், நம் கடையில் பீடி வாங்குவார். கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, சுருட்டுக்குள்ள ஆட்டக் கடத்திட்டுப் போறீகளா?"

"கம்பளம்யா. ஆட்டுக் கம்பளி."

"அதான் மோந்து பாக்குதுக. சொந்தக்காரங்க வந்திருக்காகன்னு விசாரிக்குதுக. கொஞ்சம் விரிங்க, பாத்துட்டு வழி விட்டுரும்."

ஆட்டைக் கலைக்க வேறு வழி இல்லாமல் ரோட்டோரக் கருவேல நிழலில் விரித்தேன். கிடா இரண்டு தும்மல் போட்டுவிட்டு ஒதுங்கியது. மொக்கையன் ஒதுங்கவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து ஓரத்திலிருந்து ஆரம்பித்தார், கிடையில் ஆடு எண்ணுகிற மாதிரி இரண்டு இரண்டாக. "இது காது கேக்காத ஆடு, தலய ஒரு பக்கமாச் சாய்ச்சிருக்கு பாருங்க. இது கள்ள ஆடு, அடுத்தவன் வெள்ளாமயப் பாக்குது." அப்புறம் கீழ்வரிசையில் மூன்றாவது ஆட்டில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, இதுக்கு அஞ்சு காலு."

குனிந்து பார்த்தேன். ஐந்துதான். நாலு கால் இருக்க வேண்டிய இடத்தில் நாலு. பின்னால், வால் பக்கத்திலிருந்து கீழாக, கறுப்பாக ஐந்தாவது. "தப்பா முடிச்சுப் போட்டுட்டாக போல" என்றேன். மொக்கையன் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஊறுகாய்க்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாதவனைப் பார்க்கிற பார்வை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"தப்பா? இவ்வளவு ஆட்ட ஒழுங்காப் போட்ட கை இதுல தப்புமா? ஈனுற ஆடு அண்ணாச்சி இது. குட்டியோட காலு வெளிய வந்திருக்கு. இதப் போட்டவுக ராவெல்லாம் ஆட்டுக்குப் பக்கத்துல ஒக்காந்து பாத்தவுக. எங்கள மாதிரி ஆளுக."

பின்னால் லாரிக்காரரும் இறங்கி வந்து பார்த்தார். ஹாரன் அடித்த மனுஷன் அதற்கப்புறம் அடிக்கவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது, மச்சான். எங்கேயோ ஒரு தேசத்தில் ஒரு பொம்பளை ஒரு ஆட்டின் பிரசவத்தை முடிச்சு முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறார், அதைப் பந்தல்குடி ரோட்டில் ஒருவர் பார்த்த உடனே படிக்கிறார். பக்கத்தில் நின்ற நான் அதன் மேல் வத்தல் காயப்போட்டவன்.

தங்கலட்சுமி பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் முழங்கை வரைக்கும் நீலமாக நின்றாள். கம்பளத்தை விரித்ததும் மூன்று தும்மல் போட்டாள். "என்னப்பா இது, மிளகாய் மில்லுல நெஞ்சதா?" என்றாள். நான் உண்மையைச் சொல்லி, வெளுத்த பாதிக்கு மட்டும் சாயம் போட்டுத் தரக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பக்கத்தில் வந்து, கையைத் துடைத்துவிட்டு, கம்பளத்தின் மூலையைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏப்பா தனுஷ்கோடி, பத்தாப்புலயும் நீ கேள்வித்தாளப் பின்பக்கம் திருப்பிப் பாத்தது கெடையாது. வெயிலும் காரமும் மேல்பக்கத்தத்தான திங்கும்? அடிப்பக்கத்துல யாரு போயி வத்தல் காயப்போட்டது? பாரு, இங்கயும் அதே கோடு."

இருந்தது. முடியை விரலால் விலக்கி அடி வரைக்கும் காட்டினாள். நுனியில் என்ன நிறமோ அதுதான் அடியிலும். "இது வெளுத்தது இல்ல. இப்பிடியே நெஞ்சது."

"அப்ப நூலு தீந்துபோயி வேற கடையில வாங்கியிருப்பாகளோ?"

"காட்டுக்குள்ள ஒங்கடை மாதிரி கடை தொறந்து வச்சிருக்காகளாக்கும். தண்ணி மாறியிருக்கு. ஒரே வேரு, ஒரே கைதான். கோடு வரைக்கும் நல்ல தண்ணி, கோட்டுக்கு மேல உப்புத் தண்ணி. நாங்க பழைய போரு வத்திப் புதுப் போரு போட்டோமே, அன்னைக்குச் செவப்பு இப்பிடித்தான் மொகத்த மாத்துச்சு. மேய்ச்சலுக்கு வேற எடம் போயிருக்காக. பாதி நெஞ்சதத் தறியோட சுருட்டித் தூக்கிட்டுப் போயி, அங்க முளை அடிச்சு மிச்சத்த நெஞ்சிருக்காக."

மச்சான், இந்த இடத்தில் சேவைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள். என் வத்தல் போட்ட கோடு என்று நான் நினைத்தது, ஒரு குடும்பம் இடம் மாறிய கோடு. ஒரு தண்ணீரைக் குடித்துக்கொண்டு பாதி நெய்து, சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றி, ஆட்டோடு ஆடாக நடந்து, புதுத் தண்ணீரைக் குடித்து, விட்ட முடிச்சுக்கு அடுத்த முடிச்சில் அந்த அம்மா ஆரம்பித்திருக்கிறார். மதுரைக்குப் போய் வந்தாலே வீட்டுச் சாவியை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரிவதில்லை. தங்கலட்சுமி கட்டை விரலை வைத்து அதன் அகலத்துக்கு ஊசியால் முடிச்சு எண்ணினாள், குறுக்கே ஒன்பது, நெடுக்கே ஒன்பது. பட்டறைச் சுவரில் கரியால் கணக்குப் போட்டோம். முழுக் கம்பளத்துக்கும் லட்சத்து எழுபத்து நாலாயிரத்துச் சொச்சம் முடிச்சு வருகிறது. ஐம்பத்து இரண்டு வயதில் எனக்குக் கைலி முடிச்சு இன்னும் நிற்பதில்லை.

பிறகு நிறங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிவப்பு ஏதோ வேர், நீலம் அவுரி, மஞ்சள் மாதுளம் தோலாக இருக்கலாம், அந்த வெல்ல நிறம் சாயமே இல்லை, ஒட்டகத்தின் பிறவி நிறம். ஓரத்துக் கறுப்பு வெள்ளாட்டின் பிறவிக் கறுப்பு. கடைசியில் நான் ஐந்தாவது காலைக் காட்டினேன். அங்கேதான் தங்கலட்சுமி தடுமாறினாள். வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்தாள், ஒட்டவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தாள், சோப்புப் பொடி போட்டாள், அசையவில்லை. திருப்பிப் பார்த்து, "முடிச்சே வேற தினுசா இருக்கு" என்றாள்.

"முப்பது வருசமாக் கறுப்போட மல்லுக்கட்டுறேன். தேச்சா ஒட்டாத கறுப்ப இன்னைக்குத்தான் பாக்குறேன். இத்தன ஆட்டுல இந்த ஒரு காலுக்கு மட்டும் தனி முடிச்சு, தனிச் சாயம். பேரு எழுதத் தெரியாதவுக கையெழுத்துப்பா இது. எப்பிடி எடுத்தாகன்னு எனக்குக் கேட்டுச் சொல்லு, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே. முராத்தின் அம்மாவிடம் எப்படியாவது கேட்டு எழுதுங்கள்: அந்த ஐந்தாவது காலின் கறுப்பை எதில் எடுத்தார்? அது எந்த ஆடு, அந்தக் குட்டி பிழைத்ததா? இரண்டாவது கேள்வி மொக்கையனுடையது. வைகாசி பிறந்ததும் தன் கூட்டாளிகள் இருவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கம்பை வாசலில் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மூன்று பேரும் ஐந்து கால் ஆட்டின் முன்னால் குத்தவைத்தார்கள். கூட்டாளி ஒருவர், "காலு மட்டும் வந்திருக்கே, பொழைக்குமா?" என்று கேட்டார். மொக்கையன் நிதானமாகப் பார்த்துவிட்டு, "பொழச்சிரும். பின்னால எடம் விட்டுத்தான் போட்டிருக்காக" என்றார். எனக்குக் கண் கலங்கியது. வத்தல் விதையாகவும் இருக்கலாம். சரஸ்வதி அடுப்படி வாசலில் நின்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். அவளும் உருகிவிட்டாள் என்று நினைத்து, எனக்குப் பெருமையாக இருந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இருவரும் ஒரே விஷயத்துக்கு உருகியது அன்றுதான்.

விதை விஷயமும் சொல்லிவிடுகிறேன். கம்பளத்தைக் கயிற்றுக் கட்டிலில் குப்புறப் போட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை பின்பக்கமாகத் தட்டி எடுத்துவிட்டேன். கீழே உதிர்ந்ததைத் தின்ற கோழிகள் இரண்டு நாள் கூரையை விட்டு இறங்கவில்லை. இன்னும் ஒன்றிரண்டு விதை உள்ளே இருக்கலாம். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை தும்மினால் அபசகுனம் என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் கிளம்பிவிடக் கூடாது. பக்கத்திலேயே நான் நிற்பேன், அவர் மூக்கை உறிஞ்சும்போதே "நூறாயுசு" என்று சத்தமாகச் சொல்லிவிடுவேன். கம்பளத்தில் யாரும் செருப்போடு ஏறாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. அனுபவசாலி.

பெரியவரான உங்களை வாழ்த்தும் தகுதி எனக்கு இல்லை, வாங்கிக்கொள்ளும் தகுதி நிறைய இருக்கிறது. சொக்கநாதரும் நம்ம குலசாமியும் உங்களுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும், முக்கியமாக இந்த வியாழக்கிழமைக்கு மேல். முராத்துக்கு என் சலாம். அவருடைய அம்மாவுக்கு, பந்தல்குடியில் ஒரு மளிகைக்காரன், ஒரு ஆட்டுக்காரர், ஒரு சாயப்பட்டறைக்காரி, பெயர் தெரியாத ஒரு லாரிக்காரர் ஆகிய நாலு பேரின் கும்பிடு.

இப்படிக்கு,
உங்கள் அடிபணிந்த மாப்பிள்ளை,
தனுஷ்கோடி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் சரஸ்வதி வாங்கிப் படித்துவிட்டாள். வத்தல் வரும் இடத்தில் என்னைத் திட்டினாள், அதை எழுத முடியாது. ஐந்தாவது காலுக்கு வந்ததும் கடிதத்தை மடியில் வைத்துவிட்டாள். பிறகு, "மாசி மாசம் பரண்ல எலி கடிச்சிருச்சுங்க. அந்த ஆட்டோட வால் இருந்த எடம் ஓட்டையாப் போச்சு. அண்ணன் மொகத்துல எப்பிடி முழிக்கிறதுன்னு, ஒங்க குரங்குக் குல்லாவப் பிரிச்சு நாந்தான் ஊசியில கோத்து அடைச்சேன். அது காலு இல்லங்க. வாலு" என்றாள். ஆகையால் முராத்தின் அம்மாவிடம் எதுவும் கேட்க வேண்டாம். தங்கலட்சுமிக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று, பரணில் ஒளித்து வைத்திருந்த பாதிக் குல்லாவை வாங்கிப் பார்த்தேன். உள்பக்கம் சீட்டு இன்னும் அப்படியே இருக்கிறது: நூறு சதவீதம் அக்ரிலிக், சாயம் போகாது.